திங்கட்கிழமைக் கேள்வி: அரசியல் திரைப்படங்களில் மனமாற்றத்தின் நம்பகத்தன்மை

தமிழ்நாட்டில் பிரசங்க பீடத்திற்கு நிகராக மக்களின் செவிகளை ஆண்ட மேடை ஒன்று உண்டென்றால், அது திரையரங்கின் வெண்திரையே எனலாம். திருச்சபையினராகிய நாம் நெடுங்காலம் அதனை விலக்கப்பட்ட இடமாகக் கருதினோம். பிள்ளைகளைப் போகவிடாமல் தடுத்தோம். தடுத்தவர்களிற் சிலர் வெளியூரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. ஆயினும் அத்திரை செய்துவந்த வேலை நம்முடைய வேலைக்கு மிகவும் அண்மையானது. ஒரு மனிதன் இருந்த நிலையிலிருந்து வேறொரு நிலைக்கு மாற இயலும் என்று மக்களை நம்பச் செய்வதே அவ்வேலை. பிரசங்கி அதனை மனந்திரும்புதல் என்பார். அரசியல் திரைப்படத்தை எழுதுபவர் விழிப்புணர்வு என்பார். இருவருக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. சொல்ல வேண்டிய செய்தி முன்கூட்டியே முடிவாகியிருப்பதால், அச்செய்திக்கு ஏற்றவாறு மனிதர்களை வளைத்துவிடுவதே அவ்விடர்.

இக்கட்டுரையாளன் இதனை நூல்களினின்று கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூருக்கு அருகிலுள்ள சபையொன்றில், அறுப்பின் பண்டிகைக்காக ஒரு நாடகம் எழுதி வாலிபரைக்கொண்டு நடத்தினேன். தோல் தொழிற்சாலை முதலாளி ஒருவர். அவருடைய கழிவுநீரால் கெட்டுப்போன கிணறு. நோயுற்ற ஒரு குழந்தை. இறுதிக் காட்சியில் முதலாளியின் கண்ணீர். விளக்கு அணைந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது. நானும் மகிழ்ந்தேன். மறுநாள் டேனரியில் முப்பது ஆண்டு உழைத்த மூதாட்டி ஒருவர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்: "முதலாளி அழுதாரு, சரி ஐயரே. திங்கக்கிழம அவரு டேனரியத் தொறந்தாரா, மூடினாரா? தொறந்தா எங்க கெணறு கெட்டுப்போவும். மூடினா எங்க அடுப்பு அணைஞ்சுபோவும். அத்தச் சொல்லலியே நீங்க."

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நாடகத்திலும் இல்லை. அன்று முதல், அரசியல் செய்தியுடைய எந்தத் திரைப்படத்தைப் பார்த்தாலும் அந்த அம்மையாரின் திங்கட்கிழமையைக் கொண்டே அதனை அளந்து பார்க்கிறேன். மாறியதாகக் காட்டப்படும் மனிதன் மறுநாள் எதை இழக்கிறான்? அவ்விழப்பை அறிந்த பின்னரும் மாறுகிறானா? மாறத் தயங்குகிறானா? இக்கேள்விகளுக்கு இடம் கொடுக்கும் படத்திலேயே கதைமாந்தர் உயிருள்ளோராய் வளர்கின்றனர்; இடம் கொடாத படத்தில் அவர்கள் பதாகை ஏந்தும் கம்பங்களாக நிற்கின்றனர். இந்த அளவுகோலால் நான்கு தமிழ்ப் படங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பசியும் பேச்சும்

முதலாவதாகக் கொள்ளத்தக்கது 1952ஆம் ஆண்டு தீபாவளியன்று வெளிவந்த 'பராசக்தி'. இப்படத்திற்கும் நம் வேலூருக்கும் நெருங்கிய உறவுண்டு. ஏ.வி.எம். நிறுவனத்தோடு இணைந்து இதனைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள் முதலியார் வேலூரைச் சேர்ந்தவர். மெலிந்த நாடக நடிகரான கணேசன் கதாநாயகனுக்கு ஏற்றவரல்லர் என்று எதிர்ப்பு எழுந்தபோது, அவரே வேண்டும் என்று உறுதியாய் நின்றவர் பெருமாள். அந்நன்றியை மறவாத சிவாஜி கணேசன் பொங்கல்தோறும் வேலூருக்கு வந்து அவரைக் கண்டு சென்றார் என்பது இவ்வூர் முதியோர் நன்கறிந்த செய்தி.

மு. கருணாநிதியின் உரையாடலுக்காகவே இப்படம் நினைவுகூரப்படுகிறது. நீதிமன்றக் காட்சியைச் சொல் பிசகாமல் ஒப்புவிக்கும் பெரியவர்கள் இருந்தார்கள். கதைத்தலைவன் குணசேகரன் தன் வாழ்க்கையைக் கூறுவதுபோலச் சமுதாயத்தின் மேல் குற்றம் சுமத்துகிறான். அவ்விடத்தில் பேசுவது குணசேகரனா, அல்லது அவன் வாய்வழியாக ஓர் இயக்கமா என்ற ஐயம் எழுவது இயல்பே. எனினும் அந்தப் பேச்சை வெறும் மேடைப் பேச்சு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஏனெனில் அதற்குமுன் ஒரு நெடிய பகுதியில், இரங்கூனிலிருந்து கைநிறையப் பணத்தோடு வந்த உல்லாச இளைஞன் அப்பணத்தைப் பறிகொடுத்து, தெருவில் படுத்து, உணவுக்கு அலைந்து, பைத்தியக்காரன்போல் நடித்துத் திரிவதைக் கண்டிருக்கிறோம். நீதிமன்றத்தில் அவனுக்குக் கிடைக்கும் சொற்களுக்கு முதலீடு அந்தப் பசியே. செய்தி வருமுன் அதனைத் தாங்கும் உடல் வந்துவிட்டது. ஆகவே அவனளவில் மாற்றம் நம்பத்தக்கதாகிறது.

படம் தவறுவது வேறிடத்தில். வழக்கை விசாரிக்கும் நீதிபதி சந்திரசேகரன், குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தன் சொந்தத் தங்கை கலியாணி என்று அறிந்ததும் மயங்கி விழுகிறார். காட்சி உருக்கமானது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அவள் தங்கையாக இராவிட்டால்? வறுமையால் குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏழை விதவை ஒருத்தி நாள்தோறும் நீதிமன்றங்களில் நிற்கக்கூடும். அந்த அயலாளுக்காக எந்த நீதிபதி மயங்குவார்? சமுதாயத்தையே கூண்டில் ஏற்றிய படம், அதன் நீதிபதியை இரத்த உறவினால் மட்டும் அசைத்துவிட்டு முடிக்கிறது. அவ்வாறே கோவில் பூசாரியும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே நிறத்தில் இருக்கிறார். அவருக்குத் தயக்கம் இல்லை, அச்சம் இல்லை, வீட்டில் காத்திருக்கும் ஒருவரும் இல்லை. அவர் ஒரு மனிதராக இருந்திருந்தால் அவர்மீதான குற்றச்சாட்டு இன்னும் கடுமையாய் இருந்திருக்கும். பார்ப்பவர் தம்மிடத்திலும் அவருடைய சாயலைக் கண்டிருப்பர்.

2. ஒரே கூரையின்கீழ் அரசாங்கம்

கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தைத் தழுவி, கே. பாலசந்தர் 1981இல் எடுத்த 'தண்ணீர் தண்ணீர்' இரண்டாவது படம். கோவில்பட்டிப் பகுதியின் வறண்ட கிராமமான அத்திப்பட்டியில் குடிநீர் இல்லை. மனுக்கள் பயனற்றுப் போகின்றன. தேர்தலைப் புறக்கணித்தும் பயன் இல்லை. ஊரார் தாமே கால்வாய் வெட்டத் தொடங்குகின்றனர். அரசு அதனைச் சட்டத்தின் பெயரால் தடுக்கிறது.

இப்படத்தில் அரசாங்கம் தொலைவில் உள்ள ஓர் அரக்கனாகக் காட்டப்பட்டிருந்தால் அது மற்றொரு முழக்கமாக முடிந்திருக்கும். ஆனால் கதைத்தலைவி செவந்தியின் கணவனே காவலர். ஊரைத் தடுக்கும் கை, அவளுக்குத் தாலி கட்டிய கை. அவன் கொடியவன் அல்லன். சம்பளத்திற்கும் மேலதிகாரிக்கும் கட்டுப்பட்ட சாதாரண மனிதன். செவந்தி ஊரின் பக்கம் நிற்கும்போது அவள் இழப்பது ஒரு கருத்தை அன்று, ஒரு குடும்பத்தை. அவளுடைய வளர்ச்சி நம்மை நம்பவைப்பது அதனாலேயே. பார்வையாளர் அவளுடைய துணிவைப் பாராட்டுவதற்கு முன் அதற்கு அவள் கொடுக்கும் விலையை எண்ணிப் பார்த்துவிடுகின்றனர்.

இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ தெ சீக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' இதே நெறியைச் சார்ந்தது. வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்த ஏழை அதனைத் தேடி நகரமெங்கும் அலைகிறான்; கடைசியில் தன் மகன் காணத் தானே ஒரு சைக்கிளைத் திருடி அகப்படுகிறான். வேலையின்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் அங்கு இல்லை. நல்லவன் ஒருவன் திருடனாகும் வரை அவனோடு நடந்து வருகிறோம். வறுமையைப் பற்றிய தீர்ப்பு நம்முடைய உள்ளத்திலேயே எழுதப்படுகிறது.

3. இரண்டு தேநீர்க் குவளைகள்

மாரி செல்வராஜ் இயக்கிய 'பரியேறும் பெருமாள்' 2018இல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேரும் பரியன் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவனின் கதை அது. தொடக்கத்திலேயே கருப்பி என்னும் அவனுடைய நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொன்றுவிடுகின்றனர். பின்பு கல்லூரியில் ஆங்கிலம் தெரியாமையால் அவமானம். அன்போடு பழகும் ஜோதி மகாலட்சுமியின் குடும்பத் திருமணத்திற்குச் சென்றபோது, தனியறையில் அடைத்து அடித்து அவன்மேல் சிறுநீர் கழிக்கும் கொடுமை. பெண் வேடமிட்டு ஆடும் அவன் தந்தையைத் தெருவில் ஆடை குலைத்து ஓடவிடும் இழிவு.

இத்தனைக்கும் பின் பரியன் ஒரே நாளில் வீரனாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் மறைக்கிறான், பொய் சொல்லுகிறான், குடிக்கிறான், பெண்கள் கழிப்பறைக்குள் தள்ளப்பட்டு வெட்கி நிற்கிறான், ஒருநாள் கைகலப்பில் இறங்குகிறான், மறுநாள் மீண்டும் ஒடுங்குகிறான். தாமும் ஒடுக்கப்பட்ட நிலையிலிருந்து படித்து உயர்ந்த கல்லூரி முதல்வர் அவனுக்கு வழிகாட்டுகிறார். ஆனால் வழியை அவனுக்காக நடந்து கொடுப்பதில்லை. முன்னும் பின்னுமாகச் செல்லும் இவ்வசைவே வளர்ச்சி. நேர்க்கோட்டில் ஏறிச்செல்லும் வளர்ச்சி சாட்சிக் கூட்டங்களிலும் தேர்தல் மேடைகளிலும் மட்டுமே காணப்படுவது.

எதிர்நிலை மாந்தருள் இருவர் நம் கருத்துக்குரியவர். ஒருவர் ஜோதியின் தந்தை. அவர் மகளை நேசிப்பவர். பரியனைத் தம் கையால் கொல்ல விரும்பாதவர். ஆனால் சாதியாரின் முன் நிமிர்ந்து நிற்கவும் துணியாதவர். தன் உறவினர் பரியனோடு தன் மகளையும் கொன்றுவிடுவர் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் உள்ளது வெறுப்பைக் காட்டிலும் கோழைத்தனம். கொடுமை நிலைத்திருப்பதற்கு வெறுப்போர் சிலரும் இவரைப் போன்ற நல்லவர் பலரும் போதும் என்பதை ஒரு வசனமும் இன்றிப் படம் உணர்த்திவிடுகிறது. மற்றவர், குலத்தின் மானம் காப்பதாக நம்பிக் கொலைகளைச் செய்யும் முதியவர். அவர் கத்துவதில்லை, மீசை முறுக்குவதில்லை. எவர் வீட்டுத் திண்ணையிலும் காணக்கூடிய ஒரு தாத்தாவைப்போல் இருக்கிறார். நமக்கு நடுக்கம் உண்டாவது அந்தச் சாதாரணத்தினால்.

இறுதிக் காட்சியில் தந்தையும் பரியனும் சந்திக்கின்றனர். தந்தை உருகி அழுது மன்னிப்புக் கேட்டுத் தழுவிக்கொள்ளவில்லை. நாளைக்கு எப்படி மாறுமோ பார்க்கலாம் என்ற அளவில் தயங்கிப் பேசுகிறார். நீங்கள் மாறாதவரை இங்கு எதுவும் மாறப்போவதில்லை என்னும் பொருள்பட விடையளிக்கிறான் பரியன். மேசைமேல் இரு தேநீர்க் குவளைகளும் அவற்றினிடையே ஒரு பூவும் இருக்கப் படம் முடிகிறது. இம்முடிவு மென்மையானது, போராட்டத்தின் கூர்மையைக் குறைப்பது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொய்யான ஒப்புரவாக்குதலை வழங்க மறுத்ததே இம்முடிவின் கூர்மை. இளைய குமாரனின் உவமையில் மூத்தவன் விருந்துக்குள் வந்தானா என்று நமக்குச் சொல்லப்படவில்லை. யோனாவின் புத்தகம் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. அவ்விடங்களை முடிவற்றவை என்று நாம் குறை கூறுவதில்லை.

குறை உண்டென்றால் அது ஜோதியைப் பற்றியது. அவளைச் சுற்றி நடப்பது எதுவும் அவளுக்குத் தெரிவதில்லை. பரியன் தன்மேல் இழைக்கப்பட்டதை அவளிடம் சொல்வதே இல்லை. அவளுடைய மாசின்மையைக் காப்பதற்காக அவளுடைய வளர்ச்சியைப் படம் தியாகம் செய்துவிட்டது. அறியாதவளாக வைக்கப்பட்டவள் தெரிந்தெடுக்கவும் இயலாதவளாகிறாள்.

4. வட ஆர்க்காட்டிலிருந்து பொன்வயலுக்கு

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' 2024 ஆகஸ்டு 15இல் வெளிவந்தது. நம் வட்டாரத்தையே களமாகக் கொண்டது என்பதால் இதனைச் சற்று நெருங்கி நோக்குவது நம் கடமை. கதை 1850இன் வட ஆர்க்காட்டு வேப்பூரில் தொடங்குகிறது. சிறிது நிலம் வைத்திருந்த தங்கலான் அதனை மிராசுதாரரிடம் இழந்து குடும்பத்தோடு பண்ணை அடிமையாகிறான். பொன் தேடி வரும் கிளெமென்ட் என்னும் வெள்ளையர் ஆள் சேர்க்கும்போது, நிலத்தை மீட்கலாம் என்னும் ஆசையால் அவரோடு செல்லுகிறான்.

கோலார் தங்கவயலின் வரலாறு நம் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றபின் அங்குச் சுரங்கத்தொழில் பெருகியது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்கள். படம் அந்த இடப்பெயர்ச்சியைச் சில பத்தாண்டுகள் முன்னதாக வைத்துத் தொன்மக் கதையாக்கியிருக்கிறது. கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு.

முதற்பாதியில் தங்கலானின் மாற்றம் மிகச் செம்மையாக அமைந்திருக்கிறது. அவன் வெள்ளையரைப் பின்பற்றுவது விடுதலை வேட்கையாலா, பேராசையாலா? இரண்டாலும்தான். ஊருக்குத் திரும்பும்போது காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்து குதிரைமேல் வருகிறான். அவனுடைய மிடுக்கில் நமக்கு மகிழ்ச்சியும் எச்சரிக்கையும் ஒருங்கே எழுகின்றன. அவன் கொண்டுவந்த இரவிக்கைகளை ஊர்ப் பெண்கள் முதன்முறையாக அணிந்து மகிழும் காட்சி ஒன்றுண்டு. மிஷனரிகளின் காலத்தை அறிந்த நமக்கு அக்காட்சி எளிதாகக் கடந்துவிடக் கூடியதன்று. மானத்தைத் தந்த கையே கூலிக்கு ஆள் பிடிக்கும் கையாகவும் இருந்தது என்ற வரலாற்றுச் சிக்கலை, ஒரு பேச்சும் இன்றித் துணியின் தொடுகையால் அது சொல்லிவிடுகிறது. பசுபதி ஏற்றுள்ள கெங்குபட்டர் என்னும் பாத்திரமும் குறிப்பிடத்தக்கது. இராமானுசரைப் பற்றி நின்று, நாமமும் பூணூலும் தன்னை உயர்த்திவிடும் என்று நம்பும் ஒடுக்கப்பட்டவர் அவர். நகைப்புக்குரியவராகத் தொடங்கிப் பரிதாபத்திற்குரியவராக வளர்கிறார். புதிய சமயப் பெயரொன்று பழைய இழிவைத் துடைத்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்தோர் நம் சபைப் பதிவேடுகளிலும் இருக்கின்றனர் அல்லவா? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியாருக்குரிய உரிமைகளிலிருந்து விலக்கியதையும், சபைக்குள் சாதி விலகாததையும் ஒருசேர அனுபவித்தோருக்குக் கெங்குபட்டர் அயலார் அல்லர்.

பிற்பாதியில் படம் தடம் மாறுகிறது. தங்கலான் யார் என்பது ஒரு தொல்கதையின் வழியாக அவனுக்கு வெளிப்படுத்தப்படுகிறது. ஆரத்தியின் தோற்றங்கள், முற்காலத்து நினைவுகள், மண்ணுக்குள் கிடைக்கும் புத்தர் சிலை ஆகியவை அடுத்தடுத்து வந்து அவனை மாற்றுகின்றன. இவை கருத்தளவில் செறிவானவை. மண்ணின் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட சமய வரலாற்றை மீட்பது இயக்குநரின் நோக்கம். அது மதிக்கத்தக்க நோக்கம். ஆனால் கதைமாந்தனின் கோணத்தில் நோக்கினால், முதற்பாதியில் தானே தெரிந்தெடுத்தவன் பிற்பாதியில் தெரிந்தெடுக்கப்படுகிறான். பொன்னா மண்ணா என்று அவன் தன் மனைவி கங்கம்மாளோடு வாதாடி, தன் ஊராருக்கு விடை சொல்லி, தன் பேராசையைத் தானே கண்டு நாணி முடிவெடுத்திருக்க வேண்டிய இடத்தில், தரிசனம் வந்து அவனுக்குப் பதிலாக முடிவெடுத்துவிடுகிறது. என் நாடகத்தில் கண்ணீர் செய்த வேலையை இங்குத் தரிசனம் செய்கிறது.

5. யோப்பாவில் ஒரு வீடு

தரிசனத்தால் மனிதர் மாறுவதில்லையா என்று இறையியல் மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டும். அதற்கு விடையாக, தோல் தொழிலோடு தொடர்புடைய ஒரு வேதபகுதியை நினைவூட்ட விரும்புகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தின் இறுதியில், பேதுரு யோப்பா பட்டணத்திலே தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் பலநாள் தங்கியதாகப் படிக்கிறோம். யூத ஒழுங்கின்படி செத்த விலங்கின் தோலைத் தொட்டு உழைப்பவர் தீட்டுக்குரியவர். அவருடைய வீடு கடலோரத்தில் இருந்ததன் காரணத்தை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீரும் வேண்டும், நாற்றமும் ஊரைவிட்டு விலக வேண்டும்.

அந்த வீட்டின் மேல்தளத்தில்தான் பேதுருவுக்குத் தரிசனம் வருகிறது. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று தள்ளலாகாது என்பதை அங்குக் கற்கிறார். ஆனால் அதற்குமுன்பே பல நாட்கள் அவர் அந்த நாற்றத்தினூடே உறங்கியிருக்கிறார். அந்த வீட்டு உணவை உண்டிருக்கிறார். ஒரு எல்லையைக் கால்கள் கடந்துவிட்டன. வாய் அதனை இன்னும் சொல்லவில்லை. தரிசனம் அவருக்குச் சொற்களைக் கொடுத்தது. அப்போதும் அவர் உடனே இணங்கவில்லை, மும்முறை சொல்லப்பட்டது, பொருள் விளங்காமல் திகைத்தார். கொர்நேலியுவின் வீட்டிலிருந்து திரும்பியதும் எருசலேமில் விளக்கம் கொடுக்க வேண்டியவரானார். இத்தனைக்கும் பின், அந்தியோகியாவில் சிலர் வந்தவுடன் அஞ்சிப் புறஜாதியாரின் பந்தியை விட்டு விலகிக்கொண்டார் என்று கலாத்தியர் நிருபத்தில் பவுல் வருந்தி எழுதுகிறார். தரிசனம் பேதுருவின் தயக்கத்தை நீக்கிவிடவில்லை. இது மெய்யான மனிதனின் வரலாறு என்று நாம் நம்புவதற்கு அந்தச் சறுக்கலும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. சீமோன் அவ்வரலாற்றில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நாம் பிரசங்கத்தில் மேல்தளத்துக்கு விரைகிறோம். கீழே தோலோடு நிற்பவரை மறந்துவிடுகிறோம். செய்திப் படங்களில் உழைப்பாளி பின்னணியாகவே நின்றுவிடும் குறை நம்மிடமும் இருக்கிறது.

6. பாலாற்றங்கரையில் ஒரு கதை

இம்மண்ணைப் பற்றி ஒரு படம் எடுக்க விழையும் இளைஞருக்குப் பொருள் பஞ்சமில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் போய், 1970களில் பதனிடாத தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் குரோமியம் பெருகியது; பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உவர்த்தன. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதை அத்தீர்ப்பு சுட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. எனினும் 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப்பேர் மாண்டனர். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசைப் பற்றித் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று.

இவற்றை வைத்துக் கொடிய முதலாளி ஒருவரையும் தூய உழைப்பாளி ஒருவரையும் எளிதில் உண்டாக்கலாம். ஆனால் இவ்வூரை அறிந்தவர் அதனை நம்பமாட்டார். இங்கு நஞ்சும் கூலியும் ஒரே வாயிலின் வழியாக வருகின்றன. தென்னை பட்டுப்போன உழவரின் மகளே காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கிறாள். தந்தை வழக்குக்குக் கையெழுத்திட்டால் மகளின் வேலை நிலைக்குமா என்று அந்த வீட்டில் இரவு உணவின்போது பேச்சு எழுகிறது. முதலாளி தொழுகையோ ஜெபமோ தவறாதவர். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வாரி வழங்குபவர். வெளிநாட்டுக் கொள்முதலாளர் விலையைக் குறைக்கும்போது சுத்திகரிப்புச் செலவை எங்கே மிச்சம் பிடிப்பது என்று இரவில் கணக்குப் பார்ப்பவர். போதகர் அவ்வழக்கைப் பற்றிப் பிரசங்கிக்க எண்ணுகிறார். ஆலயக் கூரைக்கு நன்கொடை தந்தவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இந்நால்வரில் எவரும் வெறும் கொள்கையாகிவிடாதபடி காக்க வேண்டும். அப்படிக் காத்தால் குற்றம் மங்கிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் எந்த இடத்தில், எந்தக் காரணத்துக்காக மௌனமானார் என்று காட்டும்போது குற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அரசியல் படம் செய்தி சொல்லலாகாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. செய்தியில்லாத கலை நம் மக்களுக்கு ஒரு ஆடம்பரம். செய்தி மெய்யானதாக இருக்குமானால் அது தயங்கும் மனிதரையும் எதிர்க்கும் மனிதரையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பதே நம் கருத்து. அவர்களைத் துரத்திவிட்டு வெற்றி பெறும் செய்தியைக் கேட்போர் கைதட்டுவர். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். பிரசங்க உதாரணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நம் குறிப்பேடுகளையும் இந்நோக்கில் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம். மனந்திரும்பிய குடிகாரரும் கந்துவட்டிக்காரரும் அவற்றில் எத்தனைபேர்! சகேயு எத்தனை மடங்கு திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார் என்று கணக்கோடு எழுதிய லூக்காவைப்போல், அவர்களில் எவருடைய மறுநாள் கணக்கையாவது நாம் எழுதி வைத்திருக்கிறோமா?

அந்த நாடகத்தை மறு ஆண்டு திருத்தி எழுதினேன். கண்ணீர்க் காட்சியை நீக்கிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் முதலாளி சாவியோடு வாயிலில் நிற்கிறார். எதிரே தொழிலாளர் நிற்கின்றனர். அவர்களுக்குள்ளேயே திறக்கச் சொல்வோரும் வேண்டாம் என்போரும் இருக்கின்றனர். அத்துடன் விளக்கு அணைகிறது. இம்முறை கைதட்டல் குறைவு. முடிந்துவிட்டதா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அந்த மூதாட்டி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அருகில் இருந்தவரோடு உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார். ஆலய வளாகத்தின் வாயிலைப் பூட்ட அன்று வெகுநேரமாயிற்று.